சேசிஸுக்கு ஜாதகம் பார்த்தவன்

என் பழைய நாட்காட்டியில் தை மாதக் கடைசி ஞாயிறுக்கு எதிரே ஒரு குறிப்பு இருக்கிறது: "கொச்சங்காடி. சேசிஸ் பார்த்தேன். கல்யாண விஷயம் தெளிவில்லை." போன காரியத்தை இரண்டாவதாக எழுதியிருக்கிறேன் பாருங்கள். என் லட்சணம் அவ்வளவுதான்.

அக்கா மகள் வித்யாவும் கிரியும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். கிரியின் அப்பா விசுவநாதன், கொச்சியில் கொச்சங்காடி மிளகு வியாபாரி, பிடி கொடுக்கவில்லை. கிரியின் அம்மா அவர் சொல்லுக்குக் காத்திருந்தாள். அவர் மனத்துக்குள் நுழைய ஒரே வாசல், மிளகுக் கிட்டங்கி முன்னால் நிறுத்தி வைத்திருக்கும் பழைய ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் என்று வித்யா கண்டுபிடித்தாள். பழைய வண்டிகளைப் பற்றி எங்கள் குடும்பத்தில் வாசித்தவன் நான் ஒருவன்தான்.

"மாமா, வண்டி நன்னாருக்குன்னு ரெண்டு வார்த்தை சொன்னாப் போறும். வேறொண்ணும் வேண்டா, கேட்டேளா?"

கேட்டேன். கேட்டுவிட்டு ஒரு வாரம் படித்தேன். பிக்கப்புக்கு அடியில் ஏணி மாதிரி ஒரு சட்டம் உண்டு, அதுதான் சேசிஸ். பழைய வகையில் அதன் நீளத் தண்டுகள் ஒரு பக்கம் திறந்த வாய்க்கால் போலிருக்கும். குறுக்குச் சட்டங்கள் ரிவெட் அடித்தவை. மேடுபள்ளத்தில் சட்டமே கொஞ்சம் முறுகிக் கொடுக்கும், சக்கரம் தரையை விடாது. பிற்கால வகையில் நான்கு பக்கமும் மூடிய பெட்டித் தண்டு, வெல்டிங். அது முறுகாது, வளைந்து கொடுக்கும் பொறுப்பெல்லாம் ஸ்பிரிங்குக்கு. (இதுவரை விழித்திருந்த உங்களுக்கு நன்றி. வித்யா பாதியிலேயே தூங்கிவிட்டாள்.)

"எல்லாம் ஒரிஜினலாக்கும்," என்றார் விசுவநாதன், அந்த ஞாயிறன்று கிட்டங்கி வாசலில் பானெட்டைத் தடவியபடி. "ஒரு ஆணி மாத்தினதில்லே. ஹைரேஞ்ச் மலையிலேர்ந்து மிளகு ஏத்திண்டு வந்த வண்டி."

பிரமாதம் என்று சொல்லிவிட்டுச் சாயா குடித்திருக்கலாம். நேற்றுச் செய்த நாற்காலிக்கும் டச்சுக்காரர் காலத்து வயது சொல்லும் ஜூ டவுன் என்ற யூதர் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, நான் அசலைத் தேடி வேட்டியை மடித்துக் கட்டி, வண்டிக்கு அடியில் புகுந்தேன்.

"மாமா, வெளில வாங்கோ!" வித்யா பல்லைக் கடிப்பது அடியில் கேட்டது.

"ஒரு நிமிஷம்மா." தட்டிப் பார்த்தேன். திறந்த வாய்க்கால் இருக்க வேண்டிய இடத்தில் மூடிய பெட்டி! குதூகலத்தில் அங்கிருந்தே அறிவித்தேன்: "சார், உடம்புதான் பழசு. சேசிஸ் பின்னால வந்த வண்டியோடது. ரெண்டுக்கும் வேற வேற ஜாதகம்!"

எனக்குத் தெரிந்ததெல்லாம் விசுவநாதனின் செருப்பு. அது ஓர் அடி பின்வாங்கியது.

"சம்பந்தம் பேச வந்தேளா, வண்டி புரோக்கரா வந்தேளா?" என்றது செருப்பு.

பதறி எழுந்தேன். எழ அங்கே இடமில்லை. பெட்டித் தண்டின் உறுதியை என் நெற்றி உடனே பதிவு செய்துகொண்டது. வெளியே வந்தபோது வேட்டியெல்லாம் கிரீஸ், நெற்றியில் வீக்கம், வித்யாவின் கண்ணில் தண்ணீர்.

அப்போதுதான் சாயாத் தட்டோடு வந்த கிரியின் அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஒரிஜினல் ஒரிஜினல்னு கேட்டுக் காது புளிச்சாச்சு. இவர் மூஞ்சிக்கு நேரே இல்லேன்னு சொல்ல இன்னிக்குத்தான் ஒரு ஆள் வந்திருக்கு. கிரி, இவாத்து சம்பந்தம் எனக்கு வேணும். பிடிக்கலேன்னா அப்பா வண்டியோட குடித்தனம் பண்ணட்டும்."

விசுவநாதன் வண்டியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். வண்டிக்குச் சமைக்கத் தெரியாது. சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு: கல்யாணத்தன்று நான் எந்த வண்டிக்கும் அடியில் போகக் கூடாது.

இப்போது எங்கள் வீட்டில் யாருக்கு வரன் வந்தாலும் முதல் கேள்வி, "அடியில போய்ப் பாத்தாச்சா?" என்பதுதான். கேட்பது பெரும்பாலும் வித்யா.

பிற்பாடு வாசித்ததில் எனக்கொரு சங்கடம். சுமை வண்டிகளில், திறந்த தண்டின் வாயைத் தகடு வைத்துப் பட்டறையில் வெல்டிங் அடித்து மூடுவதும் உண்டாம். அப்படியானால் சேசிஸ் அசல்தான், தகடுதான் ஒட்டு. (ஒரு ஆணி மாற்றவில்லை என்ற பெருமைக்கு அப்போதும் அடிதான்.) சுரண்டினால் தெரிந்துவிடும். ஆனால் சம்பந்தி ஒவ்வொரு ஓணத்துக்கு முன்பும் அடிப்பாகம் முழுக்கத் தார் பூசுகிறார். துருவுக்காக என்கிறார். ஆகவே அந்தத் தண்டு பிறவியிலேயே மூடியதா, பின்னால் மூடப்பட்டதா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதி செய்யப்படவில்லை.