நாலு கம்பியும் ஒரு நிச்சயதார்த்தமும்

பேஸ் கிட்டார் வாசிக்கிறவர்களுக்கு இந்த நாட்டில் மரியாதை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் 'இந்தப் பிள்ளை ஏன் இப்படிக் கொதிக்குது' என்று யாரும் கேட்கக் கூடாது. பையைத் திறந்து வாத்தியத்தை வெளியே எடுத்தால் போதும், எங்கள் சொந்தக்காரர்கள் கம்பியை எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். எண்ணி முடித்ததும் முகத்தில் ஓர் அனுதாபம் வரும். "மிச்ச ரெண்டு கம்பியும் அந்து போச்சா ஆத்தா?" (அறுந்து போகவில்லை. சாதாரணக் கிட்டாருக்குத்தான் ஆறு, இதற்கு நாலுதான். எத்தனை கல்யாண வீட்டில் இதையே சொல்வது?)

வேலைக்குச் சேர்ந்ததும் நான் வாங்கிய முதல் பொருள் ஒரு பேஸ் ஆம்ப். கிட்டாரின் சத்தத்தைப் பெருக்கித் தருகிற ஒலிபெருக்கிப் பெட்டி. போடியில் எங்கள் வீட்டு மாடியறையில் அதை இறக்கியபோது அப்பா சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "துணி எந்தப் பக்கம் போடணும்?" என்றார்.

அந்த மாடியறையில்தான் என் 'டோனை'க் கண்டுபிடித்தேன். பேஸ் குமிழை வலது கோடி வரை திருகு. ட்ரெபிளைப் பாதிக்கு வை. மிட் என்று நடுவில் ஒன்று இருக்கிறதே, அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவா. கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து ஒரு சுரம் தட்டினால் வயிற்றுக்குள் புலி உறுமும். இதற்குமேல் உலகத்தில் ஒரு டோன் இருக்க முடியாது என்று நம்பினேன்.

கொச்சியில் இருந்த என் கல்லூரி நண்பன் ஜோயல் மட்டும் வீடியோ காலில் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தான். "எடீ, மிட் கூட்டு. ரூமுக்குள்ள நல்லாத்தான் இருக்கும். ஹாலுக்குப் போனா சுரமே காணாமப் போகும், உறுமல்தான் மிஞ்சும்."

"உனக்குப் பொறாமை" என்று போனை வைத்துவிட்டேன்.

அந்த ஜோயல்தான் கொச்சியில் ஒரு இசைக்குழு ஆரம்பித்து என்னை வரச் சொல்லியிருந்தான். அப்பாவிடம் கேட்டேன். அவர் நேரடியாக மாட்டேன் என்று சொல்லவில்லை. நிபந்தனை போட்டார்.

"உன் மாமா மக கவிதாவுக்கு நிச்சயம் வருதுல்ல? சொந்தக்காரவுக அம்புட்டுப் பேரும் வருவாக. அவுக முன்னாடி வாசி. ஒரே ஒரு ஆள் வந்து 'கேட்டேன், நல்லாருந்துச்சு'ன்னு சொல்லட்டும், கொச்சிக்குப் போ. இல்லேன்னா பெட்டி பரணுக்கு, நீ கம்ப்யூட்டர் சோலிக்கு."

ஒரே ஒரு ஆள்! வெற்றி பெற்றுவிட்டதாகவே நினைத்து ஜோயலை வரவழைத்தேன்.

மாமாவின் ஏலத்தோட்டம் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம். நிச்சயத்தன்று காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. பந்தல் நனைந்து தொங்கியதால் மாமா விசேஷத்தை ஏலக்காய் ஸ்டோருக்குள் மாற்றிவிட்டார். காயை உலர்த்தி, தரம் பிரித்து, மூட்டை போடுகிற பெரிய தகரக் கொட்டகை அது. நடுவில் தரம் பிரிக்கிற மெஷின் நின்றது. அசைக்க முடியாத கனம். நீளமான சல்லடைப் படுக்கை, அடியில் ஸ்பிரிங், ஒரு முனை கொஞ்சம் உயரம். மோட்டாரைப் போட்டால் படுக்கை நடுங்கும். உயர்ந்த முனையில் கொட்டிய காய் நடுங்கி நடுங்கித் தானாகவே கீழ் முனைக்கு நடந்து வரும்.

மாமா அதன்மேல் பலகை போட்டுப் பட்டுத்துணி விரித்தார். "மேசை ரெடி." மேல் பாதியில் பெண் வீட்டுச் சீர்த்தட்டுகள், கீழ்ப் பாதியில் மாப்பிள்ளை வீட்டுத் தட்டுகள். பேசி முடித்துச் சம்மதம் சொன்ன பிறகுதான் இரண்டு பக்கமும் தட்டு மாற்றிக்கொள்வது வழக்கம்.

நான் என் படிப்பைக் காட்ட வேண்டிய இடம் இதுதானே? "மாமா, ஆம்பைத் தரையில வச்சா சத்தம் கொழகொழன்னு வரும். உயரத்துல வைக்கணும்" என்றேன். (இணையத்தில் படித்தது. சரியான தகவல்தான். இன்றைக்கும் அதில் மாற்றமில்லை.)

"உயரந்தான? இந்தா" என்று மாமா பெட்டியைத் தூக்கி மெஷினின் உயர்ந்த முனையில், தேங்காய்த் தட்டுக்குப் பின்னால் வைத்தார்.

அந்த மெஷின் ஆடுவதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். அதை வைத்தே பிழைக்கிறவர் மாமா. இரண்டு பேருக்கும் ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை.

பெரியவர்கள் ஜமக்காளத்தில் உட்கார்ந்து பேச்சை ஆரம்பித்ததும் அப்பா எனக்குக் கண் காட்டினார். ஜோயல் மரப்பெட்டிமேல் உட்கார்ந்து தாளம் தட்டத் தொடங்கினான். என் தடித்த கம்பியில் முதல் சுரத்தைத் தட்டினேன்.

சுரம் வரவில்லை. தகரக் கூரை வந்தது. தலைக்குமேல் ஆயிரம் டப்பாக்களை யாரோ உருட்டினார்கள். எனக்கே நான் வாசிப்பது கேட்கவில்லை. ஜோயல் தாளத்தை விடாமல், "மிட்! மிட்டைக் கூட்டு!" என்று கத்தினான். நான் என்ன செய்திருப்பேன்? சத்தத்தைக் கூட்டினேன். அதோடு கண்ணையும் மூடிக்கொண்டேன், உணர்ச்சி மேலிட்டு.

"எவன்டா ஜீப்பை ஆஃப் பண்ணாம வந்தவன்?" என்று ஒரு குரல். "ஜீப்பு இல்லண்ணே, ஜெனரேட்டர் வெடிக்கப் போகுது" என்று இன்னொன்று. சிலமலையிலிருந்து வந்திருந்த சித்தப்பா எழுந்து வாசலுக்கே ஓடினார். "பொட்டிபுரத்து மலையில நியூட்ரினோக்காரய்ங்க வெடி வச்சுட்டாய்ங்கடோய்!"

ஒரு பெண் கழுத்தில் வாத்தியத்தை மாட்டிக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டி, வியர்க்க வியர்க்க வாசித்துக்கொண்டு நிற்கிறாள். சத்தம் அவளிடமிருந்து வரலாம் என்ற சந்தேகம் அந்தக் கூட்டத்தில் ஒருவருக்காவது வர வேண்டாமா? வரவில்லை. நான் என் முறைக்காகக் காத்திருக்கிறேன் என்றே பலர் நினைத்தார்களாம்!

நான் கண்ணை மூடிய பிறகு நடந்ததெல்லாம் ஜோயல் பார்த்துச் சொன்னது. முதலில் ஆப்பிள் தட்டு கிளம்பியது. அதன் பின்னால் பட்டுப்புடவைத் தட்டு, அப்புறம் மஞ்சள் குங்குமம். பெண் வீட்டுத் தட்டுகள் வரிசையாக, மெதுவாக, பயபக்தியோடு மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் நடந்தன.

மாப்பிள்ளையின் தாய்மாமாதான் முதலில் பார்த்தார். "என்னய்யா இது? நாங்க இன்னும் பேசியே முடிக்கல, அதுக்குள்ள தட்டைத் தள்ளிவிடுறீக? இம்புட்டு அவசரப்படுறீகன்னா பொண்ணுகிட்ட என்ன கொறை?"

மாமாவுக்கு முகம் வெளுத்தது. "யாருண்ணே தள்ளுனது? தட்டுல கை வச்சவன் எவன்டா?"

கை வைத்தவர் யாருமில்லை. அந்தத் தாய்மாமா எழுந்து வந்து எல்லாத் தட்டையும் பழைய இடத்துக்கே தள்ளி வைத்துவிட்டு, இடுப்பில் கையை ஊன்றி நின்றார். நான் அப்போதுதான் பாட்டின் உச்சத்துக்கு வந்திருந்தேன். அவர் கண்ணெதிரே ஆப்பிள் தட்டு மறுபடியும் கிளம்பியது.

பேச்சு நின்றது. கவிதா மணப்பெண் அலங்காரத்தோடு அழத் தயாரானாள். மாப்பிள்ளையின் பெரியம்மா சடாரென்று எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். "தொடாதீகடா! ஆளு கை படாம அதுவா வருது பாருங்க. நாம பேசிக்கிட்டே கெடக்கோம்னு அம்மனே தட்டு மாத்தி வைக்குது!"

பெண்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் குலவையிட்டார்கள்.

அந்தச் சத்தம் மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அடடா, என் வாசிப்புக்குக் குலவை! கண்ணைத் திறந்தேன். கைகூப்பினேன். இடுப்பை வளைத்து இந்தப் பக்கம் ஒரு வணக்கம், அந்தப் பக்கம் ஒரு வணக்கம். நிமிர்ந்து பார்த்தால் எனக்கு நேராக இருந்ததெல்லாம் முதுகுகள். ஊரே ஆப்பிள் தட்டைக் கும்பிட்டுக்கொண்டிருந்தது.

விஷயம் புரிந்ததும் எனக்கு வந்த ஆத்திரம்! நேராகப் போய், "பெரியம்மா, அது அம்மன் இல்ல, நான்தான் தள்ளுனேன். இந்த ஸ்பிரிங் இருக்குல்ல..." என்று ஆரம்பித்தேன்.

"வயசுப்பிள்ளை இப்படியா பேசுறது? வெரசா கன்னத்துல போட்டுக்க."

போட்டுக்கொண்டேன். மாமா என் முழங்கையைக் கிள்ளி ஓரமாக இழுத்துப் போனார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டிருந்தது. "ஆத்தா, உன் காலப் பிடிக்கிறேன். சம்மந்தம் முடிஞ்சிருச்சு. வாயத் தொறக்காத."

ஜீப்பில் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது அப்பாவிடம் கேட்டேன். "கொச்சி?"

"எவனாச்சும் கேட்டேன்னு சொன்னானா?"

"தட்டே நகந்துச்சேப்பா!"

"அது அம்மன் பண்ணுனது. அம்மன் வாசிச்சதுக்கு உன்னை எப்படிக் கொச்சிக்கு அனுப்புறது?"

பின் சீட்டில் ஜோயல் மழையைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டு சிரித்தான்.

ஆனால் பெட்டி பரணுக்குப் போகவில்லை. மாமாவால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. 'அந்தப் பெட்டி வச்சோம், வச்ச நேரம் சம்மந்தம் முடிஞ்சிருச்சு' என்று யாரிடமோ சொல்லிவிட்டார். அடுத்து பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டிருந்த ஒரு நிச்சயத்துக்கு எங்களை அழைத்தார்கள். 'எங்களை' என்று நினைத்துத்தான் போனேன்.

இந்த முறை எல்லாம் முறைப்படி. ஜோயல் சொன்னபடி பேஸைக் குறைத்தேன், மிட்டைக் கூட்டினேன், பெட்டியை மூலையிலிருந்து நகர்த்தி ஆடாத சிமென்ட் திண்டில் வைத்தேன். கம்பியைத் தட்டினால் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக, தண்ணீர் மாதிரித் தெளிவாக வந்தது. உறுமல் இல்லை, கூரை இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு நல்ல டோன்! ஒரு பெரியவர் எழுந்து என்னிடம் வந்தார். கைகூப்பத் தயாரானேன்.

"நல்லாக் கேக்குது ஆத்தா" என்றார். "பேச்சுக்கு இடைஞ்சலா இருக்கு. நிப்பாட்டிட்டுச் சாப்பிடப் போ. பெட்டி இருக்கட்டும்."

வீட்டுக்கு வந்து குமுறினேன். அப்பா முழுவதையும் கேட்டார்.

"கேட்டுச்சுன்னு சொன்னாருல்ல?"

"நிப்பாட்டவும் சொன்னாரு."

"அது அவரு இஷ்டம். கேட்டுச்சுல்ல, நீ தாராளமா கொச்சிக்குப் போ ஆத்தா. பெட்டி மட்டும் இங்கயே கெடக்கட்டும். தை வருது, நாலு எடத்துல கேட்டிருக்காக."

இப்போது கொச்சியில் இரவல் ஆம்பில் வாசித்துக்கொண்டிருக்கிறேன். என் பெட்டி சந்தனப் பொட்டோடு, கழுத்தில் மல்லிகைச் சரத்தோடு (பெட்டிக்கு ஏது கழுத்து என்று அம்மாவிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன்) மலைக்கும் போடிக்கும் ஜீப்பில் போய் வருகிறது. சம்மந்தம் பேச வருகிறவர்கள் வாசலிலேயே, "பெட்டி வீட்டுல இருக்குல்ல?" என்று கேட்கிறார்களாம். நான் வீட்டில் இருக்கிறேனா என்று இதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை.