வல்லம் வெடிமருந்துக் கிடங்கு

செஞ்சியில் பிறந்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. வெளியூர்க்காரரைக் கண்டால் வரலாறு பேசாமல் இருக்க முடியாது. (வரலாறு தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.)

பெண் வீட்டார் பெண்ணையும் அழைத்துக்கொண்டு சென்னையிலிருந்து எங்கள் வீடு பார்க்க வந்திருந்தார்கள். பெண்ணின் அப்பா, கல்யாணத்துக்கு முன்பு எங்கள் பக்கத்தில் சர்வேயராக இருந்தவர். "இவர் சாராய வாசனையே அறியாதவர். மாப்பிள்ளையும் அப்படித்தான் இருக்கணும்" என்றார் பெண்ணின் அம்மா. பலமாகத் தலையாட்டினேன்.

சாப்பாடு முடிந்து கிளம்பியவர்களை வழியனுப்ப, நானும் காரில் ஏறி, சென்னை போகும் வழியில் இருக்கும் வல்லம் வரை போனேன். அங்கே டீ குடிக்க இறங்கினோம்.

டீக்கடைக்கு எதிரே பூட்டிக் கிடந்தது ஒரு பழைய கட்டடம். தடித்த சுவர். கம்பி போட்ட ஜன்னலில் கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை.

"இது என்ன கட்டடம்?" என்றார் பெண்ணின் அம்மா.

எனக்குத் தெரியாது. ஆனால் பக்கத்தில் பெண் நின்றிருந்தாள்.

"ராஜா காலத்து வெடிமருந்துக் கிடங்கு ஆன்ட்டி. வீரர்கள் வரிசையில நின்னு இந்த ஓட்டை வழியாத்தான் மருந்து வாங்குவாங்க."

அவர் கணவரைப் பார்த்தார். "நீங்க இங்கதானே இருந்தீங்க, சொன்னதே இல்லையே?"

"ஆமா ஆமா, மருந்துக் கிடங்குதான். தம்பி சரியாத்தான் சொல்றாரு" என்றார் அவர் அவசரமாக. பூரித்துப்போன நான், உள்ளே ஒரு பீரங்கியையும் தள்ளினேன்.

பெஞ்சில் இருந்த பெரியவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"இன்னாது, பீரங்கியா? சாராயக்கடை சார் அது! மூடி எத்தினியோ வருஷமாவுது. இதோ நிக்கிறாரே சர்வேயர் சார், அவரக் கேளு. பொழுது சாஞ்சா நானும் அவரும் ஒண்ணாத்தான் அந்த ஓட்டையில கைய வுடுவோம். முடி கொட்டியும் மூஞ்சி மாறல சார் ஒனக்கு!"

அவர்கள் டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் காரில் ஏறினார்கள். கார் கிளம்பியபோது கையாட்டினேன். பதிலுக்கு ஒரு கைகூட வெளியே வரவில்லை. பஸ் பிடித்து வந்து, "சம்பந்தம் போச்சு நைனா" என்றேன் அப்பாவிடம்.

"வாய வச்சிக்கினு சும்மா இருந்தியா நீ?" என்றார்.

மறுநாள் பெண்ணின் அம்மாவே போன் செய்தார். "எங்களுக்குச் சம்மதம். நீங்க சொல்ற பொய் அஞ்சு நிமிஷம்கூட நிக்க மாட்டேங்குது. எங்க பொண்ணு பொழைச்சுக்குவா."

இப்போதும் செஞ்சிக்கு வரும்போது, வல்லம் நெருங்கினால் மாமனாருக்குத் தூக்கம் வந்துவிடும். மாமியார் விடமாட்டார். அவரை உலுக்கி எழுப்பிவிட்டு, என் பிள்ளைகளிடம் அந்தக் கட்டடத்தைக் காட்டுவார்:

"பாத்துக்கோங்க, உங்க தாத்தா தினமும் போருக்குப் போன இடம்."