மணலில் நூறு மைல்

மலைக்கோட்டை உச்சியில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையார்மேல் ஆணை, அக்கரையில் படுத்திருக்கிற ரங்கநாதர்மேல் ஆணை, இருவருக்கும் நடுவே போகிற காவேரிமேல் ஆணை: நான் சொல்லப்போவதில் ஓர் எழுத்துக்கூடப் பொய் கிடையாது. பொய் சொல்வதென்றால் இதைவிட நம்பும்படியாகச் சொல்லியிருப்பேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றாம் வருஷம். திருச்சியில் ஒரு சர்க்கார் ஆபீஸ். எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். அங்கே என்ன வேலை நடந்தது என்று இருபத்தாறு வருஷம் இருந்த எனக்கே தெரியாது. அதில் டெம்பரரி குமாஸ்தாக்கள் இரண்டு பேர். ஒருவன் அப்துல் மாலிக், இன்னொருவன் நான்.

டெம்பரரி என்றால், மார்ச் முப்பத்தொன்று சாயங்காலம் வேலையை விட்டு நீக்குவார்கள்; ஏப்ரல் ஒன்று காலையில் மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். மாலிக்குக்கு இப்படி ஒன்பது வருஷம். அவன் சம்சாரம் நஜீமா என்னிடமே சொல்லியிருக்கிறாள்: "எங்க வாப்பா இன்னும் இவங்களை டெம்பரரி மாப்பிள்ளைன்னுதான் கூப்பிடுறாங்க அண்ணே. இந்தத் தடவையாச்சும் ஆர்டர் வந்துடுமா?" அந்த வருஷம் ஒரே ஓர் இடம் நிரந்தரமாகப்போவதாகப் பேச்சு. ஆள் இரண்டு.

மாலிக்குக்கு ஒரு கிறுக்கு உண்டு. நாற்பதை நெருங்குகிற வயதில் நீச்சல். விடிந்ததும் ஓடத்துறையில் இறங்குவான், அக்கரை அம்மா மண்டபத்துப் படியைத் தொடுவான், திரும்புவான். போகவர முக்கால் மைல். அதைப் பாக்கெட் டைரியில் எழுதிவைப்பான். முந்தின வருஷம் எண்பது மைல்.

"இந்த வருஷம் நூறு போட்டுடணும்ணே" என்று டிபன் வேளையில் வாய்விட்டுச் சொல்லிவிட்டான்.

"போட்டா யாரு என்ன தருவாங்க?" என்றேன்.

"யாரும் ஒண்ணும் தர வேணாம். உடம்பு லேசா இருக்கும்ல."

யாரும் ஒன்றும் தராத காரியத்தை ஒரு சர்க்கார் சிப்பந்தி செய்வதா! ஹெட்கிளார்க் ராசப்பன் தயிர்சாதக் கையோடு எழுந்து போய் ஆபீசரிடம் சொன்னார். ஆபீசர் மேஜையிலோ, 'ஊழியர்களின் தேகசுகத்துக்கு என்ன திட்டம்?' என்று மதராஸ் கேட்ட கடிதம் மூன்று மாதமாகப் பதிலில்லாமல் கிடந்தது.

மறுநாளே சர்க்குலர். "முப்பது வயது கடந்த ஊழியர் ஒவ்வொருவரும் திட்ட ஆண்டுக்குள், அதாவது ஏப்ரல் முதல் மார்ச் முடிய, காவேரி ஆற்றில் நூறு மைலுக்குக் குறையாமல் நீந்தி, மேற்படி விவரத்தை மாதந்தோறும் மூன்று பிரதிகளில் சமர்ப்பிக்கக் கடமைப்பட்டவராவார்." எழுத்தில் வராத ஒரு வரியை ராசப்பன் காதோடு சொன்னார்: நிரந்தர இடம், நூறு முடித்தவனுக்கு.

எனக்குக் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினால் தலை சுற்றும். ஆனால் வகுத்தல் வரும். மாதம் எட்டேகால் மைல், கடைசி மாதம் ஒரு மைல் கூடுதல். தீர்ந்தது.

ஏப்ரல் பட்டியல் போனது. ஆபீசர் மாலிக்கைக் கூப்பிட்டார்.

"என்னய்யா, உன் பேருக்கு நேரா பூஜ்யம்?"

"ஆத்துல தண்ணி இல்லீங்க ஐயா. மேட்டூர் திறந்து ஜூன்லதான் வரும்."

"மத்தவங்கல்லாம் எட்டேகால் நீந்தியிருக்காங்களே. அவங்களுக்குன்னு தனிக் காவேரியா ஓடுது?"

"அதை அவங்களைத்தாங்க கேக்கணும்."

"திட்டம் ஏப்ரல்ல ஆரம்பிச்சாச்சு. காவேரி ஜூன்ல வந்தா அது காவேரியோட தாமதம். அதுக்காகத் திட்டத்தை மாத்த முடியுமா?"

மாலிக்குக்கு ஒரு மெமோ. மே மாதத்துக்கு இன்னொன்று.

ஜூனில் தண்ணீர் வந்தது. மாலிக் நீந்தினான். நாங்கள் எழுதினோம். நடுவில் பட்டியலில் மட்டும் மைல் போய்க் கிலோமீட்டர் வந்தது. பட்டியலை மாற்றி எழுதிய ஒரே மத்தியானத்தில் எங்கள் ஆபீஸ் உடம்பு நனையாமல் ஒன்றரைப் பங்குக்கு மேலே நீந்தி முடித்தது. மதராஸ் அசந்துபோயிற்று. இந்த அதிசயத்தை நேரில் பார்க்க மார்ச் முப்பதாம் தேதி பெரிய அதிகாரி வருவதாகக் கடிதம் வந்தது.

வெள்ளத்தில் சில வாரம் போனதால், ஜனவரிக் கடைசியில் மேட்டூர் மூடியபோது மாலிக் தொண்ணூற்று மூன்று மைலில் நின்றான்.

"ஏழுதானே, எழுதிடேன்" என்றேன்.

"நீந்தாத தூரத்தை எப்படிண்ணே எழுதுறது?"

"பேனாவாலதான்."

அவன் சிரிக்கவில்லை. மார்ச் இருபத்தேழிலிருந்து நாலு நாள் லீவு போட்டான். பாலத்துத் தூண் ஒன்றின் அடியில் இடுப்பளவு தண்ணீரோடு ஒரு பள்ளம் மிச்சமிருந்தது. நீளம் இருபதடி. அதில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் காலையிலிருந்து பொழுது சாய்கிறவரை நீந்தினான். நஜீமா கரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு புளியங்கொட்டையை இந்தப் பையிலிருந்து அந்தப் பைக்கு மாற்றினாள்.

முப்பதாம் தேதியும் வந்தது. அந்தப் பள்ளம் தவிரக் காவேரி முழுக்க மணல்தான்.

"இன்ஸ்பெக்ஷனைத் தள்ளிப்போட முடியாதா ஐயா?" என்றார் ராசப்பன்.

"பெரியவர் டூர் புரோகிராம் அச்சாயிடுச்சுய்யா!"

ராசப்பன் சர்க்குலரை மறுபடி படித்தார். முகம் மலர்ந்தது. "'காவேரி ஆற்றில் நீந்தி'ன்னுதான் இருக்கு ஐயா. காவேரி இருக்கே! தண்ணின்னு எங்கயும் போடலையே!"

ஆபீசர் இரண்டு தடவை படித்துப் பார்த்தார். உண்மைதான். போடவில்லை.

பத்து மணிக்கு நாங்கள் பதினாலு பேர், இடுப்பில் துண்டோடு, சுடுமணலில் குப்புறப் படுத்தோம். விசில் ஊதியதும் கையை வீசினோம், காலை உதைத்தோம். ஆற்றுக்குள் வெள்ளரிக் கொடி போட்டிருந்த இருளாயி ஓடிவந்தாள்.

"என்னங்க சாமி, எல்லாரும் எதைத் தொலைச்சீங்க? நானும் தேடட்டா?"

"தள்ளும்மா! நீஞ்சறோம்ல!"

"கொடிமேல நீஞ்சிடாதீங்க சாமி!"

பாலத்தின்மேல் ஜனங்கள் கூடிவிட்டார்கள். ஸ்ரீரங்கத்து பஸ்ஸே நின்றுவிட்டது. முதலில் ஒருவர் கைதட்டினார். பக்கத்திலிருந்தவர், தனக்கு மட்டும் நீச்சல் தெரியாது என்று நினைத்துவிடப் போகிறார்களே என்று அவரும் தட்டினார். பிறகு பாலமே தட்டியது. தூரத்தை நில அளவைச் சங்கிலி பிடித்து அளந்தார்கள். பெரியவருக்கு அதில் பரம திருப்தி. "தண்ணியில இவ்வளவு துல்லியமா அளக்க முடியாது" என்றார். என் வயிறு மணலில் வழுக்கிக்கொண்டு போனதைக் குறிப்பாகப் பாராட்டினார்.

அப்போதுதான் தூணடியில் 'சளப்' என்று சத்தம் கேட்டது.

"அது யாரு?"

"எங்க குமாஸ்தாதாங்க" என்றார் ஆபீசர், வேர்த்துப்போய்.

"ஆபீசே நீந்துது. அவரு தனியா குளிச்சிக்கிட்டு இருக்காரு?"

அந்த நிமிஷந்தான் நஜீமா கடைசிப் புளியங்கொட்டையைப் போட்டாள். மாலிக் மூச்சு வாங்க, தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடிவந்து நின்றான். "ஐயா, நூறு முடிஞ்சிடுச்சுங்க."

பெரியவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "முதல்ல தலையைத் துவட்டுங்க" என்றார்.

மறுநாள் சாயங்காலம் ஆர்டர். நிரந்தர இடம் எனக்கு. மாலிக்கின் ரகசியக் குறிப்பில் பெரியவர் தம் கைப்பட எழுதியிருந்தார்: "நீச்சலில் ஆர்வமுள்ளவர். ஆயினும் தண்ணீரின்றிச் செயல்படும் திறன் போதாது. மேலும் ஓராண்டு கவனிக்கலாம்."

மாலிக் அதைப் படித்தான். என் கையைப் பிடித்தான். "நல்லா நீஞ்சினீங்கண்ணே" என்றான். அவ்வளவுதான். ஆபீஸ் வாசலில் காத்து நின்ற நஜீமா என் முகத்தைப் பார்க்கவில்லை. ஏப்ரல் ஒன்று காலை அவன் மறுபடி டெம்பரரியாகச் சேர்ந்தான். அடுத்த வருஷத்து இலக்கை நிர்ணயிக்கிற கமிட்டியில் நான் மெம்பர். நூற்றைம்பது மைல் என்று வைத்தோம். ஒருத்தர்கூட ஆட்சேபிக்கவில்லை.

நீங்கள் சிரிப்பது தெரிகிறது. அன்றைக்குப் பாலத்தின்மேல் உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது நின்றிருந்தாரா என்று விசாரித்துவிட்டு அப்புறம் சிரியுங்கள்.

அது கிடக்கட்டும். நான் சொன்னேன் என்று மட்டும் வெளியே விட்டுவிடாதீர்கள். அந்த வயிற்றால் சம்பாதித்த பென்ஷன் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. யாராவது நெருக்கிக் கேட்டால் மாலிக் சொன்னான் என்று சொல்லிவிடுங்கள். அவன் பேச்சை யாரும் நம்ப மாட்டார்கள்.