இரண்டு விரல் மாவு

ஒரே ஆற்றின் கரையில் எட்டு ஊர்கள் இருந்தன. ஒரு காலத்தில் அவை அடித்துக்கொள்ளாத வருஷமில்லை. கடைசியாக நடந்த சண்டையில் எட்டு ஊர்களுமே தோற்றுவிட்டதால், பெரிய மனிதர்கள் கூடி, இனி பிரிவு வேண்டாம், எல்லோரும் ஒரே மாவாக இருந்துவிடுவோம் என்று முடிவு செய்தார்கள். பேச்சுக்குச் சொன்னதல்ல; இட்லி மாவைத்தான் சொன்னார்கள்.

அதுவரை ஊருக்கு ஓர் ஆட்டுக்கல் இருந்தது. அவரவர் கல்லில், அவரவர் கைப்பக்குவத்தில் ஆட்டிக்கொண்டார்கள். ஒற்றுமை நாளன்று எட்டு ஊர்த் தலைவர்களும் தங்கள் கல்லை மஞ்சள் துணியில் சுற்றிக் கொண்டுவந்து ஆற்றில் போட்டார்கள். எட்டு முறை தண்ணீர் தெறித்தது, ஜனங்கள் அழுதார்கள். அன்றுமுதல் எட்டில் ஒன்றான நடுவூரில் இருந்த பொது ஆட்டுக்கூடத்தில் ஆட்டிய மாவுதான் எல்லா ஊருக்கும் வண்டியில் போயிற்று.

மாவைக் காப்பதற்குப் பொங்கு சபை என்று ஒன்று ஏற்பட்டது. அது இரண்டே சட்டங்கள் செய்தது. மாவு இரண்டு விரல் பொங்க வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. எந்தக் கடையும் ஒரு வேளைக்கு மூன்று விறகுக்கு மேல் எரிக்கக் கூடாது.

குளிர்மேட்டில் இட்லிக் கடை வைத்திருந்த பொற்கொடிக்கு இந்த இரண்டு சட்டங்களும் ஒன்றாகச் சேர்ந்து எப்படி நடக்கும் என்பதுதான் விளங்கவில்லை. மலைமேல் இருந்த ஊர் அது. சாயங்காலம் ஊற்றி வைத்த மாவு காலையில் அப்படியே கிடந்தது. நாலாவது விறகு ஒன்றை எரித்துப் பானைப் பக்கம் கணப்பு வைத்தால் பொங்கிவிடும். நாலாவது விறகுக்கு அபராதம்.

"பொற்கொடி, ரெண்டு இட்லி கட்டிக் குடு" என்பான் வண்டிக்காரன் மருதன். "சக்கரத்துக்கு முட்டுக் குடுக்கணும்."

"முட்டுக் குடுத்துட்டு அப்புறம் தின்னுராத. பல்லுக்கு நான் பொறுப்பில்ல" என்பாள் அவள். சிரித்துக்கொண்டே சொன்னாலும் கண் பானைப் பக்கம் போகும். சட்டத்தைச் சரிபார்க்க வரும் அளவர் குணபூஷணம் கடைசியாக வந்தபோது, அடுத்த முறையும் இரண்டு விரல் பொங்காவிட்டால் கடையை மூடி முத்திரை வைப்பேன் என்று எச்சரித்துவிட்டுப் போயிருந்தார். அந்தக் கடையை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பில்லை.

இந்தச் சமயத்தில் ஆற்றின் கீழ்முனையில் இருந்த வெக்கையூரில் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு தெருவில் ஓடியது. பொங்கு சபை அவசரமாகக் கூடி ஆணையிட்டது: எட்டு ஊர்களிலும் மாவுப் பானையைக் குளிர்ந்த நீரில் நிறுத்தி வைக்க வேண்டும்.

"ஐயா, எங்க ஊர்ல தண்ணியே பனிக்கட்டி மாதிரி இருக்கு" என்றாள் பொற்கொடி.

"அப்படியானால் ஆணையை நிறைவேற்ற உங்களுக்குச் சிரமமே இல்லை" என்றார் குணபூஷணம், குறித்துக்கொண்டே.

அவள் யோசித்துப் பார்த்தாள். அவர் சொன்னதில் தப்பு எதுவும் அகப்படவில்லை. ஆனாலும் ஏதோ தப்பாக இருந்தது. ஒரு வாளி மாவை எடுத்துக்கொண்டு, மருதன் வண்டியில் ஏறி நடுவூருக்கே போய்விட்டாள்.

அன்று அளவு நாள். எட்டு ஊர் மாவும் ஆட்டுக்கூடத்து வாசலில் வரிசையாகக் காத்திருந்தது. பொற்கொடிக்கு முன்னால் நின்ற பெண் தன் வாளியின் மூடியைக் கயிற்றால் கட்டி, அதன்மேல் ஒரு கல்லையும் வைத்து, போதாததற்குத் தானும் உட்கார்ந்திருந்தாள். வெக்கையூர் சிகப்பாயி.

"எழுந்திரிச்சா போச்சு, அக்கா" என்றாள் சிகப்பாயி. "இப்படியே உக்காந்துதான் வண்டியில வந்தேன். புளிப்புல வாயே வைக்க முடியல. என் கடைக்கும் முத்திரைதான் வரப்போவுது."

"நீ உக்காந்து அமுக்குற. நான் கையெடுத்துக் கும்பிட்டும் என்னுது எந்திரிக்கல" என்றாள் பொற்கொடி.

உள்ளே ஒரு பெரிய செப்பு அண்டா இருந்தது. அளக்கும் முறை ஆதியிலிருந்தே ஒன்றுதான்: எட்டு ஊர் மாவையும் அந்த அண்டாவில் ஊற்றிக் கலக்கி, சற்றுப் பொறுத்துச் சபைத் தலைவர் விரல் வைத்துப் பார்ப்பார். தலைவர் நிதானமூர்த்தி பட்டுத் துண்டைச் சரிசெய்துகொண்டு விரல் வைத்தார்.

"இரண்டு விரல்! துல்லியமாக இரண்டு!"

மேளம் கொட்டினார்கள். பொற்கொடி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே போனாள்.

"ஐயா, எங்க ஊர்ல பொங்கல."

"அம்மணி, இதோ, இதற்குள் இருப்பது உங்கள் மாவுதானே?"

"ஆமாங்க."

"பொங்கியிருக்கிறதா, இல்லையா?"

"பொங்கித்தான் இருக்கு."

"பிறகென்ன குறை?"

பக்கத்தில் நின்ற சிகப்பாயி, "எங்க ஊர்ல வழியுதுங்களே, அதுவும் இதுல இருக்குதுங்களா?" என்றாள்.

"இருக்கிறது. வழிகிறதா?"

"வழியல."

"இனிமே பானை நிக்கிற தண்ணியக் கூட்டுவீங்களா, குறைப்பீங்களா? அதையாவது சொல்லுங்க" என்றாள் பொற்கொடி.

"முன்கூட்டி எதையும் சொல்வதற்கில்லை. கூட்டத்துக்குக் கூட்டம், மாவு என்ன சொல்கிறதோ அதைக் கேட்டு நடப்போம்" என்றார் நிதானமூர்த்தி.

மாவு பேசுவதை இரண்டு பெண்களும் கேட்டதில்லை. வெளியே வந்து, வேப்பமரத்தடியில் நின்று, மிச்சமிருந்த மாவைப் பார்த்தார்கள். யார் முதலில் சொன்னது என்று பிறகு இருவருக்குமே நினைவில்லை. சிகப்பாயியின் பொங்கிய மாவில் பாதி பொற்கொடி வாளிக்கும், பொற்கொடியின் தூங்குமூஞ்சி மாவில் பாதி சிகப்பாயி வாளிக்கும் மாறியது. அதுமுதல் மருதன் வண்டி மாவை இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் சுமந்தது. குளிர்மேட்டில் இட்லி பஞ்சாக வந்தது. மருதன் சக்கரத்துக்கு வேறு கல் தேட வேண்டியதாயிற்று. குணபூஷணம் வந்து விரல் வைத்தார், இரண்டு. வெக்கையூரிலும் இரண்டு.

பொங்கு சபை விழா எடுத்தது. குளிர்ந்த நீர் ஆணை வெற்றி பெற்றதாக நிதானமூர்த்தி அறிவித்தார். வெற்றியை நிலைநிறுத்த நீரை இன்னும் கொஞ்சம் கூட்டவும் உத்தரவாயிற்று. கூடவே ஒரு சிறு குறிப்பு: ஓர் ஊரின் புளிப்பை இன்னோர் ஊர் சுமக்கக் கூடாது என்பது ஒற்றுமை ஒப்பந்தத்தின் உயிர்நாடி; ஆகவே வாளி மாற்றுவது குற்றம்.

மருதன் வண்டி நின்றது. மாவு மறுபடி படுத்துக்கொண்டது. குணபூஷணம் முத்திரையோடு வந்தார்.

"மாவு மேல தப்பு இல்லீங்க" என்றாள் பொற்கொடி.

"அதையேதான் சபையும் சொல்கிறது. அதே மாவு நடுவூரில் பொங்குகிறது, இங்கே பொங்கவில்லை. ஆகவே குறை ஊரில். குளிர்மேடு அளவுக்கு மீறி உயரத்தில் இருக்கிறது. ஊரைச் சீர்திருத்தினால் முத்திரையை ஒத்திவைக்கலாம்."

"சீர்திருத்துறதுன்னா?"

"கீழே இறக்க வேண்டும். எல்லோரும் ஒரே மட்டத்துக்கு வர வேண்டும் அல்லவா? வெக்கையூர்க்காரர்களும் மண் வெட்டித் தங்கள் ஊரை மேடாக்குகிறார்கள்; மற்ற ஊர்க்காரர்களும் நடுவூர் மட்டத்துக்கு வர வெட்டிக்கொண்டிருக்கிறார்கள்."

ஊரே மண்வெட்டியோடு இறங்கியது. ஒரு பிடி மாவுக்காக மலையை வெட்டுகிறோமா, மலைக்காக மாவை விட்டோமா என்று யாருக்கும் நிச்சயமில்லை. ஆனால் எல்லோரும் வெட்டினார்கள். பொற்கொடி தன் கடைக்குப் பின்புறம், பழைய ஊர்த் தலைவர் வீட்டுக் கொல்லையை ஒட்டிய மேட்டை வெட்டினாள். இடுப்பளவு இறங்கியதும் மண்வெட்டி ணங்கென்றது.

குனிந்து கையால் மண்ணைத் தள்ளினாள். வட்டமான விளிம்பு. நடுவே வழவழவென்று குழி. குழிக்குள் விரல்கள் தாமாகவே சுழன்றன. ஊர் ஆட்டுக்கல் அன்று ஆற்றில் விழுந்து தண்ணீர் தெறித்ததே, அப்படியானால் மஞ்சள் துணிக்குள் இருந்தது என்ன?

"என்ன சத்தம்?" என்று மேலிருந்து கேட்டார் குணபூஷணம்.

"கல்லுங்க" என்றாள் பொற்கொடி. பாதி மண்ணைத் திரும்பத் தள்ளி, அதன்மேலேயே ஏறி நின்றுகொண்டாள்.

"சாதாரணக் கல்தானே?"

அவள் காலால் மண்ணை அமுக்கிக்கொண்டிருக்கும்போதே, காற்று திரும்பி, கீழே வெக்கையூர்ப் பக்கமிருந்து ஒரு சத்தத்தைக் கொண்டுவந்தது. ணங். குணபூஷணம் அந்தப் பக்கம் திரும்பினார். பின்னாலேயே ஆற்றின் வளைவில் இருந்த ஊரிலிருந்து இன்னொன்று. பிறகு, மெதுவாக, மிகவும் கௌரவமாக, மண்ணே வெட்டத் தேவையில்லாத நடுவூர்த் திசையிலிருந்தும் ஒன்று.