பல் போனால் கடவுச்சொல் போச்சு

உஷார் மன்னர்கள் என்றொரு இனம் உண்டு. களவு போகும்வரை கதவை விரியத் திறந்து போட்டுத் தூங்குவார்கள், போனபின் ஜன்னல், புகைபோக்கி, சாவித் துவாரம் என்று கண்ணில் பட்ட ஓட்டையையெல்லாம் அடைத்துவிட்டு, ஊராரைப் பார்த்து, "நீங்க இன்னும் அடைக்கலையா?" என்று கேட்பார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். எனக்கு வாய்த்தவர் என் மனைவியின் அண்ணன்.

மச்சான் லிஃப்ட் மெக்கானிக். அவர் கைவைத்த லிஃப்ட் நடுவழியில் நின்றதாகச் சரித்திரமே இல்லை. தொழிலில் அத்தனை கவனம். மற்றபடி, கடையில் பரிசுக் குலுக்கல் என்று யாராவது ஒரு தாளை நீட்டிவிட்டால் போதும், பெயர், பிறந்த தேதி, விலாசம், இரத்த வகைவரை எழுதிக் கொடுத்துவிட்டு, "வேற ஏதாச்சும் வேணுமா?" என்று கேட்பார்.

அவர் பல் பிடுங்கிக்கொண்ட ஆஸ்பத்திரியிலிருந்து ஒருநாள் கடிதம் வந்தது. அவர்களுடைய கம்ப்யூட்டருக்குள் யாரோ புகுந்துவிட்டார்களாம். நோயாளிகளின் பெயர், போன் நம்பர், என்ன வைத்தியம் செய்துகொண்டார்கள் என்பதுவரை வெளியே போய்விட்டதாம். வருந்துகிறார்களாம். பாஸ்வேர்டை மாற்றுங்கள், தெரியாத அழைப்புகளை நம்பாதீர்கள் என்றும் எழுதியிருந்தார்கள்.

அன்றைக்குப் பிறந்தது ஞானம். பார்சல் பெட்டிகளில் ஒட்டிய விலாசத்தைச் சுரண்டிச் சுரண்டி மச்சானின் நகம் தேய்ந்தது. வாசலில் இருந்த பெயர்ப்பலகை பீரோவுக்குள் போய்ப் படுத்தது. கூரியர்காரர் பெயரைக் கேட்டால், "முதல்ல நீ யாருன்னு சொல்லு" என்று எதிர்க்கேள்வி போட்டதில், ஒரே பார்சல் மூன்று முறை திரும்பிப் போனது. உள்ளே இருந்தது அவர் மனைவியின் தைராய்டு மாத்திரை.

பாஸ்வேர்டுகள் எல்லாம் பதினெட்டு எழுத்துக்கு வளர்ந்தன. எட்டு மாடிக் கட்டிடம் ஒன்றில் லிஃப்ட் குழிக்குள் இறங்கி அவர் வேலை செய்துகொண்டிருந்தபோது மனைவியின் போன் வந்தது. கையெல்லாம் கிரீஸ், முழங்கையால் ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னங்க, வைஃபை புது பாஸ்வேர்டு என்ன?"

"போன்ல கேக்கற விஷயமா இது?"

"பின்னே, லெட்டரா போடச் சொல்றீங்க?"

மச்சான் குரலைத் தாழ்த்தினார். அதாவது, தாழ்த்தியதாக நினைத்துக்கொண்டார். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நட்சத்திரக் குறி என்று பிரித்துப் பிரித்து அவர் ஒப்பித்து முடித்ததும், ஆறாவது மாடியிலிருந்து ஒரு பெண்குரல் இறங்கி வந்தது: "கடைசில வர்றது ஏழா, எட்டா சார்?"

சிரித்துவிட்டு மறந்திருப்போம். ஆனால் அடுத்த வாரம் அந்த ஆஸ்பத்திரியிலிருந்தே ஒரு பெண் அழைத்தாள். "சார், நாங்க எந்த விவரமும் கேக்க மாட்டோம். எங்க பேரைச் சொல்லி யாராச்சும் கேட்டாலும் குடுத்துடாதீங்க. அதைச் சொல்லத்தான்..."

"யாருக்கும்மா காது குத்தறே?" என்று தொடங்கிய மச்சான், அவளைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார்.

மறுநாள் அதே ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லி இன்னொருவன் அழைத்தான். குரலில் தேன் சொட்டியது.

"கீழ்வரிசை, இடப்பக்கம், கடைவாய்ப் பல். எடுத்த இடம் நல்லா ஆறிடுச்சா சார்?"

மச்சான் உருகிப்போனார். கட்டிய மனைவியே அந்தப் பல்லை விசாரித்து மாதக்கணக்காகிறது.

"உங்களை மாதிரி உஷாரானவங்களுக்கு மட்டும் கூடுதல் பாதுகாப்பு தர்றோம் சார். இப்போ ஆறு இலக்கத்துல ஒரு நம்பர் வரும். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. என்கிட்ட மட்டும் சொல்லுங்க."

சொன்னார். அக்கம்பக்கம் பார்த்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சொன்னார்.

ஐந்தே நிமிடம். மச்சானின் மெசேஜ் கணக்கு அவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டது. பதினெட்டு எழுத்தும் பல்லைக் காட்டின. வெளியூரில் வேலை பார்க்கும் மகளுக்கு 'அப்பா'விடமிருந்து செய்தி போனது: 'கண்ணு, அவசரம். உன் பேங்க் கார்டோட ரெண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பு, ப்ளீஸ்.'

பதறிப்போய்க் கார்டைக் கையில் எடுத்தவள், செய்தியை இன்னொரு தரம் படித்துவிட்டுத் தாயைக் கூப்பிட்டாள்.

"அம்மா, அப்பாவுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?"

"ஏண்டி?"

"ப்ளீஸ்னு போட்டிருக்காரு."

தாய் ஒரு கணம்தான் யோசித்தார். "அப்போ அது உங்கப்பா இல்லடி!"

அடுத்த ஒரு மணி நேரம் தாயும் மகளும் சுழன்றார்கள். உறவினர்களை எச்சரித்து, வங்கிக்குச் சொல்லி, புகார் கொடுத்து, கணக்கை மீட்டு, அதற்கு இரட்டைப் பூட்டும் போட்டார்கள். யாருக்கும் சேதமில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது மச்சான் மட்டும் மழையில் நனைந்த கோழி மாதிரி நாற்காலியில் ஒடுங்கிக் கிடந்தார்.

"என் புள்ளையையே பிடிச்சிருப்பான் மாப்ளே," என்றார். "பல்லைப் பத்தி அவ்வளவு கரெக்டா சொன்னானே!"

"களவு போனதே அதுதானே மச்சான்," என்றேன்.

பிறகு கடிதத்தில் அச்சிட்டிருந்த நம்பரைப் பார்த்து, அவரே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, தான் முன்பு திட்டிய பெண்ணை லைனுக்கு வரச் சொல்லி, "தப்பு என்னுதும்மா, மன்னிச்சுக்கோ" என்றார். அவர் அப்படிப் பேசி அதுவரை நான் கேட்டதில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். நீங்கள் அந்த இனம் இல்லைதான். இருந்தாலும் ஒரு சின்னச் சந்தேகம்: உங்கள் பாஸ்வேர்டில் பிள்ளையின் பெயர் இல்லையே? பின்னால் பிறந்த வருடம்? 'சேச்சே, என்னுடையது நாய்க்குட்டியின் பெயர்' என்று மனதுக்குள் சட்டென்று பதில் சொல்லிவிட்டீர்கள், இல்லையா?

கேட்பது யார் என்றுகூட நீங்கள் விசாரிக்கவில்லையே!