சொல்தா தேர்ந்தெடுத்த ஆறு

ஒரு நாட்டைப் பார்க்க இரண்டு கால் தேவையில்லை, ஒரு நாற்காலி போதும் என்று புதுச்சேரியில் அடித்துப் பேசிய ஒரே ஆள் எங்கள் தெரு சொல்தாதான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை இங்கே அப்படித்தான் சொல்வோம். அவர் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. தெருமுனையில் நான் இஸ்திரி வண்டி போட்டிருந்தேன். எதிர்த்துப் பேசமாட்டேன் என்பதால் எல்லாவற்றையும் என்னிடம்தான் சொல்வார்.

தெருவுக்குச் செல்போன் வந்த புதிது. பிரான்சில் இருக்கும் அவர் மகள், அப்பா அம்மாவை அங்கே வரவழைத்துச் சுற்றிக்காட்ட நினைத்து, இரண்டு விளம்பரப் புத்தகங்கள் அனுப்பியிருந்தாள். ஒன்று, பஸ்ஸில் பத்து ஊர் சுற்றிக்காட்டுவது. மற்றது, படகிலேயே அறையெடுத்து ஒரு வாரம் ஆற்றோடு போவது. பட்டாளத்தில் இருந்த காலத்தில் சொல்தா அங்கே பார்த்தது முகாமின் மதிலை மட்டும்தான். மகளின் ஓட்டு பஸ்ஸுக்கு.

சொல்தாவோ குடை வாங்கினால்கூடக் குழாயடியில் விரித்துப் பார்த்த பிறகே வீட்டுக்குக் கொண்டுபோகிறவர். அரியாங்குப்பத்தில் பஸ் ஏறிக் கோரிமேடு வரை போய் வந்தார். வழியில் பார்த்ததை நோட்டில் எழுதியிருந்தார்: பதினோரு பின்னந்தலை, ஒரு பூக்கூடை.

அடுத்த ஞாயிறு ஆற்றின் முறை. அரியாங்குப்பத்து ஆற்றில் ஒரு மீனவரின் படகைப் பேசி, நடுவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, மதாமை உட்காரவைத்தார். மதாம் அவர் மனைவி. முட்டி தேய்ந்து பத்தடி நடந்தாலே சுவரைத் தேடுகிறவர். நாற்காலியைப் பிடித்துக்கொள்ள சொல்தா என்னை அழைத்துப் போயிருந்தார்.

கால் மணி நேரத்தில் படகு சேற்றில் செருகி நின்றது. ஆம்பளைகள் மூவரும் இறங்கித் தள்ளினோம். சொல்தா பட்டாளத்து முறையில் பிரெஞ்சில் எண்ணிக்கை போட்டார். படகுக்குப் பிரெஞ்சு தெரியவில்லை. மதாம் மட்டும் மேலே அசையாமல் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, அந்தக் கொக்கு மூணாவது மீன முழுங்குது. பாலத்து மேல எத்தினி வாட்டி போயிருப்போம். இதெல்லாம் தெரியவே இல்லியே."

முழங்கால் சேற்றோடு சொல்தா என் பக்கம் குனிந்தார். "எங்க கூட்டினு போனாலும், நீங்க பாத்துட்டு வாங்க, நான் வண்டியிலியே குந்தினு இருக்கேன்னுவா. பத்து வருசமா இதான். பஸ்ஸுல போனா அங்கயும் அதான்பா சொல்லுவா."

படகு ஒருவழியாக நகர்ந்தது. திரும்பிவிடலாமா என்று மீனவர் கேட்டார்.

"அதுக்குள்ளியா?" என்றார் மதாம்.

அன்று மாலையே சொல்தா மகளுக்குப் போன் போட்டு ஆறுதான் என்று சொல்லிவிட்டார். மகள் கோபித்துக்கொண்டாள். தண்ணீர் பார்க்கவா ஏரோப்ளேன் ஏறிப் போகிறீர்கள் என்று தெருவே கிண்டல் செய்தது. என்னைத் தவிர யாருக்கும் அவர் உண்மைக் காரணம் சொல்லவில்லை. நாட்டைப் பார்க்க நாற்காலி போதும், ஆற்றுக்காற்றும் உடம்புக்கு நல்லது என்று மட்டும் சொல்லிவைத்தார்.

போய்வந்த பிறகு ஒரு மாதம் மதாம் பேசி ஓயவில்லை. மலைச்சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம், கதவை மூடித் தண்ணீர் நிரப்பிப் படகையே மேலே தூக்குகிற இடம், ஜன்னலிலிருந்தே தூண்டில் போடும் கிழவர். சொல்தாவிடம் என்ன கேட்டாலும் ஒரே பதில்.

"மதாமக் கேளுப்பா. நான் சரியாப் பாக்கல."

ஏழு நாளும் மதாமுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர். எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நான் கேட்கவில்லை.