நாவல்கண்டிகைக்கு ஒரு சாகசப் பயணம்

நம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உடம்பில் தெம்பு இருக்கிறது, மனத்தில் சாகச உணர்ச்சி இல்லை என்று தொண்ணூற்றெட்டாம் ஆண்டு மேலிடத்தில் கண்டுபிடித்தார்கள். ஏ.சி. அறையில் உட்கார்ந்துதான் கண்டுபிடித்தார்கள். திருப்பதியில் கான்வென்ட் பிள்ளைகள் தொப்பி, தோள்பை சகிதம் மலையேறுவதாகவும், அப்படி ஏறி இறங்கியவர்கள் நேரே அமெரிக்காவுக்குக் கம்ப்யூட்டர் வேலைக்குப் போவதாகவும் பேச்சு. உடனே சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு பள்ளியும் வருடம் ஒரு மலையேற்றமும் ஓர் இரவுக் கூடாரவாசமும் நடத்தியே தீர வேண்டும்.

எங்கள் பள்ளி ஆந்திராவின் சித்தூர் ஜில்லாவில், விஜயபுரம் பக்கத்தில். நான் அங்கே தமிழ் வாத்தியார். பள்ளிக்குப் பின்னால் ஏணிமலை, மலைக்கு அந்தப் பக்கம் நாவல்கண்டிகை. அங்கிருந்து பதினொரு பிள்ளைகள் தினம் காலையில் மலை ஏறி இறங்கிப் பள்ளிக்கு வருவார்கள். சாயங்காலம் ஏறி இறங்கி வீட்டுக்குப் போவார்கள். இதில் சாகசம் இருப்பதாக யாருக்கும் தெரியாது. வேறு வழி இல்லை, அவ்வளவுதான்.

அவர்களில் மூத்தவள் சிவசங்கரி, பத்தாம் வகுப்பு. மேலே படிக்க நகரி காலேஜுக்குப் போக வேண்டும். மலையைச் சுற்றி ரோடு போட்டால் பஸ் வரும், பஸ் வந்தால்தான் அனுப்புவேன் என்று அவள் அப்பா துலுக்காணம் சொல்லிவிட்டார். வயசுப் பெண் நகரியிலிருந்து திரும்பி, இருட்டில் தனியாக மலை தாண்டுவதை எந்த அப்பா ஒப்புவார்? ரோட்டுக்கு மனு எழுதி எழுதி என் கையெழுத்தே அழகாகிவிட்டது. ‘நேரில் பார்வையிட்டு முடிவு செய்யப்படும்’ என்று பதில் மட்டும் வரும். ஆள் வரமாட்டார்.

ஆகவே, சாகசப் பயிற்சி அதிகாரி ரமணா நேரில் வருகிறார் என்றதும் துலுக்காணம் பள்ளிக்கு ஓடி வந்தார்.

“சார், மலைமேல ஏர்ற ஆபீசரு நம்ம ஊர்லதானே எறங்கணும்? அவரு ஒரு வார்த்த எழுதினா ரோடு வந்துடும் இல்ல?”

“வரும். வருகிறவர் மனம் குளிரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்” என்றேன். இந்த யோசனையைச் சொன்னது நான்தான் என்பதை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

ஆபீசர் வந்தால் அவர் வரும் வழியைச் சீர்செய்வது எங்கள் பக்கத்து வழக்கம். நாவல்கண்டிகை ஜனம் மூன்று நாள் கூலிக்குப் போகவில்லை. முள் வெட்டினார்கள். வழுக்குப் பாறையில் படி கொத்தினார்கள். ஓரக் கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்து, பாதி மலையில் மோர்ப்பானை வைத்து, உச்சியில் மாவிலைத் தோரணமும் கட்டினார்கள். தங்கள் பிள்ளைகளுக்காக அதுவரை ஒரு படிகூட அவர்கள் கொத்தியதில்லை.

விதிப்படி பயணம் பள்ளியிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே பதினொரு பிள்ளைகளும் காலையில் மலையைத் தாண்டி வந்து, மலையேறுவதற்காக வரிசையில் நின்றார்கள். ரமணா ஜீப்பில் வந்து இறங்கினார். புது ஷூ, கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் விசில். அடிவாரத்தில் பிள்ளைகள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்கள். திருமலைக்கு வெறுங்காலோடு நடந்து நடந்து வந்த பழக்கம்.

“ஏமய்யா, ரூல்ஸ்ல ஷூன்னு போட்டிருக்கே?” என்றார் ரமணா என்னிடம். ஷூ அவர் ஒருவருக்குத்தான் இருந்தது. ஆகவே அந்த விதியை அவர் ஒருவரே கடைப்பிடித்தார்.

“பயப்படாம என் பின்னால வாங்க” என்று சொல்லிக்கொண்டே ஏறினார். பிள்ளைகள் எப்போதோ முன்னால் போய்விட்டிருந்தார்கள். சிவசங்கரி மட்டும் திரும்பி வந்து அவர் பையை வாங்கிக்கொண்டாள்.

துலுக்காணத்தின் கடலைக் கொல்லையில் முகாம். கூடாரம் கிடைக்கவில்லை, கல்யாண ஷாமியானா ஒன்றைத் துலுக்காணம் தலையில் சுமந்து மலை தாண்டிக் கொண்டுவந்திருந்தார். பிள்ளைகளின் வீடுகள் இருபதடி தூரத்தில். அம்மாக்கள் சோற்றுச் சட்டியோடு வந்தார்கள்.

“வெளியாளுங்க வரக் கூடாது. இது காடு” என்று ரமணா தடுத்தார்.

“காடு இல்ல சார், கடலக் கொல்ல. அதோ எங்க ஊடு” என்றாள் சிவசங்கரி.

“இன்னிக்கு மட்டும் காடு. வீட்ட மறந்துடணும். அதான் தன்னம்பிக்கை.”

“அப்போ துன்றதுக்கு?”

“பிஸ்கட்.”

பிள்ளைகள் சொந்த வீட்டுக் குழம்பு வாசனையில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றார்கள். பயிற்சி பெறுவோருக்குத்தான் விதி, தருவோருக்கு இல்லை என்பதால் ரமணா துலுக்காணம் வீட்டில் கோழிக்குழம்பு சாப்பிட்டார்.

ராத்திரி தங்கி, நெருப்பு மூட்டிப் பாட வேண்டும் என்றும் ஒரு விதி. ரமணாவுக்கோ ஆறு மணிக்குச் சித்தூரில் மீட்டிங். ஆகவே மத்தியானம் மூன்று மணிக்கே ராத்திரி ஆகிவிட்டதாகக் கருதப்பட்டது. கொளுத்தும் வெயிலில் நெருப்பு மூட்டி, பாடி, வரிசையாகப் படுத்துக் கண்ணை மூடினார்கள். போட்டோ எடுத்தாயிற்று. ரமணா விசில் ஊதினார், விடிந்தது.

துலுக்காணம் மனுவை நீட்டினார். “சார், எங்க ஊருக்கு ரோடு...”

“தப்பாம எழுதறேன். நேர்ல பாத்தேனே! தாரி சால பாகுந்தி.” பாதை ரொம்ப நன்றாக இருக்கிறதாம்.

துலுக்காணம் கண் கலங்கிக் கும்பிட்டார்.

விதிப்படி பள்ளியில்தான் கலைய வேண்டும். ஆகவே பதினொரு பிள்ளைகளும் மலை தாண்டிப் பள்ளிக்கு வந்து, கலைந்து, மறுபடி மலை தாண்டி வீட்டுக்குப் போனார்கள்.

ஒரு மாதத்தில் பதில் வந்தது. கம்ப்யூட்டரில் அடித்த இங்கிலீஷ். துலுக்காணத்துக்கு நான்தான் படித்துச் சொன்னேன். ‘நேரில் பார்வையிடப்பட்டது. பாதை படிகளுடனும் மோர் வசதியுடனும் மிகச் சிறப்பாக உள்ளது. மாணவர்கள் செருப்புகூட இல்லாமல் கடக்கிறார்கள். எனவே ரோடு தேவைப்படவில்லை. மனு முடித்துவைக்கப்படுகிறது.’ அதே தபாலில், சாகசத்தை வளர்த்ததற்காக எனக்கு ஒரு கேடயம்.

துலுக்காணம் கடிதத்தை வாங்கி மடித்து மடியில் செருகிக்கொண்டார். “நம்ம கையாலயே கெடுத்துக்கினோம் சார். அடுத்த தபா ஒரு முள்ளக்கூட வெட்டமாட்டோம்” என்றார்.

அப்படியே வெட்டாமல் விட்டார்கள். போட்ட படிமேலும் முள் மூடியது. அடுத்த வருடம் ரமணா கிழிந்த சட்டையோடு பூரித்துப்போய் இறங்கி வந்தார். ‘ஏணிமலை இரண்டாம் நிலை சாகசப் பாதையாகத் தரம் உயர்த்தப்படுகிறது. இயற்கை கெடாதிருக்க இங்கே எக்காலத்திலும் ரோடு போடலாகாது’ என்று எழுதினார். எனக்கு இரண்டாவது கேடயம் வந்தது.

சிவசங்கரி முதல் வகுப்பில் பாஸானாள். நகரிக்குப் போகவில்லை. இப்போது திருப்பதி கான்வென்ட் பிள்ளைகள் ஏணிமலைக்கு வந்தால் அவள்தான் வழிகாட்டி. அவர்களுடைய பஸ் எங்கள் பள்ளி வாசல் வரைக்கும் வரும்.

போன வாரம் ஒரு பெண் அவளிடம் சொன்னாளாம்: “டெய்லி ட்ரெக்கிங் போறீங்க. நீங்க குடுத்துவச்சவங்க அக்கா.”

அதை என்னிடம் சொல்லும்போது சிவசங்கரி சிரிக்கவில்லை. எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. “கேடயத்துல தூசி படிஞ்சிக்கினு கீது சார்” என்றாள். இரண்டையும் தாவணி முனையால் துடைத்து, முன்புபோலவே மேஜைமேல் வைத்துவிட்டு, மலை ஏறப் போனாள்.